என்ரிகா லெக்சி வழக்கும் சர்வதேசச் சட்டத்தின் அடித்தளமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் அண்மைக் காலமாக ஒரே கருத்து வெவ்வேறு சொற்களில் திரும்பத் திரும்ப வருகிறது. சர்வதேசச் சட்டம் என்று ஒன்று உண்மையில் கிடையாது, வலிய நாடுகள் எளிய நாடுகளை அடக்குவதற்கு வைத்திருக்கும் காகிதமே அது என்பதுதான் அக்கருத்து. போர்ச் செய்திகளை நாள்தோறும் படிக்கும் எவருக்கும் அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் இப்பாடத்தைச் சட்டக் கல்லூரியில் பல ஆண்டுகள் கற்பித்தவன் என்ற முறையில், அக்கருத்து தவறானது என்பதோடு நம்மைப் போன்ற நாட்டின் குடிமக்களுக்குக் கேடு பயப்பதும் ஆகும் என்று கருதுகிறேன். நம் குமரிக் கடலோரத்தையும் தொட்ட என்ரிகா லெக்சி வழக்கை முன்வைத்து இதை விளக்க விரும்புகிறேன்.

2012 பிப்ரவரி 15 அன்று மாலை, கேரளக் கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 20.5 கடல் மைல் தொலைவில், 'செயின்ட் ஆன்டனி' என்ற மீன்பிடிப் படகின் மீது, இத்தாலியக் கொடியுடன் சென்ற 'என்ரிகா லெக்சி' என்ற எண்ணெய்க் கப்பலிலிருந்து துப்பாக்கிச் சூடு நடந்தது. கொல்லத்தைச் சேர்ந்த ஒரு மீனவரும், கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த ஓர் இளைஞரும் உயிரிழந்தனர். இது தொடர்பாகக் கைதான இருவரும் இத்தாலியக் கடற்படையினர். சோமாலியக் கடற்கொள்ளையரிடமிருந்து வணிகக் கப்பல்களைக் காப்பதற்காக, அந்நாடு 2011-ல் இயற்றிய சட்டத்தின்படி அக்கப்பலில் அமர்த்தப்பட்டவர்கள். படகில் வந்தவர்களைக் கொள்ளையர் என்று கருதிவிட்டதாக அவர்கள் தரப்பு கூறியது. படகில் இருந்தவர்களிடமோ ஆயுதம் எதுவும் இல்லை.

அந்த 20.5 கடல் மைல் என்ற தொலைவுதான் வழக்கின் முதல் முடிச்சு. 1982-ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின்படி, கரையோர நாட்டின் முழு இறையாண்மை 12 கடல் மைலோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் 24 கடல் மைல் வரை சுங்கம், குடியேற்றம், சுகாதாரம் போன்ற சில விவகாரங்களில் மட்டும் கட்டுப்பாடு செலுத்தலாம். 200 கடல் மைல் வரை மீன்வளம், கனிமவளம் ஆகியவற்றின் மீது உரிமை உண்டு. ஆனால் அந்த 12 மைலைத் தாண்டிய கடலில் எல்லா நாட்டுக் கப்பல்களுக்கும் போக்குவரத்துச் சுதந்திரம் இருக்கிறது. நம் நாடாளுமன்றம் 1976-ல் கடல் மண்டலங்கள் பற்றி ஒரு சட்டத்தை இயற்றியது. அதன் கீழ் 1981-ல் வெளியான அறிவிக்கை, இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் பிரத்யேகப் பொருளாதார மண்டலம் எனப்படும் அந்த 200 மைல் பரப்புக்கும் நீட்டியது. இதன் அடிப்படையில்தான் உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரி 18 அன்று, கேரள மாநிலத்துக்கு இவ்வழக்கை நடத்தும் அதிகாரம் இல்லை, இந்திய ஒன்றியத்துக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது.

இத்தாலி அதை ஏற்கவில்லை. கப்பல் எந்த நாட்டுக் கொடியைத் தாங்குகிறதோ அந்த நாட்டுக்கே திறந்த கடலில் அதன் மீது அதிகாரம் உண்டு என்றும், சுட்டவர்கள் தன் அரசின் பணியாளர்கள் என்பதால் அவர்களை வேறொரு நாட்டின் குற்றவியல் நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்றும் அது வாதிட்டது. இரண்டு நாடுகள், இரண்டு சட்டங்கள், நடுவே இரண்டு உயிர்கள். இவ்விரு நாடுகளுக்கும் மேலே நின்று ஆணையிட ஒரு நாடாளுமன்றமோ, இருவரையும் இழுத்துவர ஒரு காவல் நிலையமோ உலகில் இல்லை. அப்படியானால் தீர்ப்பு எங்கிருந்து பிறக்கும் என்பதே சர்வதேசச் சட்டத்தின் அடிப்படைக் கேள்வி.

அதற்கான விடையை 1927-லேயே, இன்றைய சர்வதேச நீதிமன்றத்தின் முன்னோடியான நிரந்தர சர்வதேச நீதிமன்றம் 'லோட்டஸ்' வழக்கில் எழுதிவைத்தது. 1926 ஆகஸ்ட் 2 அன்று லோட்டஸ் என்ற பிரெஞ்சுக் கப்பல், ஏஜியன் கடலில் போஸ்-கூர்ட் என்ற துருக்கிக் கப்பலோடு மோதியதில் துருக்கியர் எட்டுப் பேர் இறந்தனர். பிரெஞ்சுக் கப்பலின் பொறுப்பு அதிகாரி இஸ்தான்புல் சென்றபோது அவரைத் துருக்கி கைது செய்து தண்டித்தது. பிரான்ஸ் எதிர்ப்புத் தெரிவிக்க, இரு நாடுகளும் இசைந்து வழக்கை அந்நீதிமன்றத்திடம் கொண்டுசென்றன. நீதிபதிகள் ஆறுக்கு ஆறு என்று சரிபாதியாகப் பிரிந்தனர். தலைவர் மாக்ஸ் ஹூபரின் முடிவு வாக்கால் துருக்கி வென்றது. நாடுகளைக் கட்டுப்படுத்தும் விதிகள் அந்நாடுகளின் சொந்த விருப்பத்திலிருந்தே பிறக்கின்றன, அவற்றின் சுதந்திரத்தின் மீதான கட்டுப்பாடுகளை ஊகித்துக்கொள்ள முடியாது என்பது அத்தீர்ப்பின் சாரம். அவ்விருப்பம் உடன்படிக்கையாக எழுத்தில் வெளிப்படலாம். அல்லது பல நாடுகளும் கடமை என்ற உணர்வோடு நெடுங்காலம் பின்பற்றும் வழக்காறாக வெளிப்படலாம். இன்றைய சர்வதேச நீதிமன்றச் சட்டவிதிகளின் 38-ஆம் பிரிவு இவ்விரண்டையும், இவற்றோடு எல்லாச் சட்ட முறைகளுக்கும் பொதுவான கோட்பாடுகளையும் சட்டத்தின் ஊற்றுகளாகச் சொல்கிறது. நீதிபதிகளின் தீர்ப்புகளும் அறிஞர்களின் எழுத்துகளும் துணைச் சான்றுகள்தாம்.

லோட்டஸ் தீர்ப்பு கப்பல் தொழிலில் இருந்தோரைக் கலங்க வைத்தது. எந்தத் துறைமுகத்தில் எந்த மாலுமி சிறைப்படுவான் என்று தெரியாத நிலை வேண்டாம் என்று நாடுகள் எண்ணின. 1952-ல் பிரஸ்ஸல்ஸ் உடன்படிக்கையிலும், 1958-ல் ஜெனிவா உடன்படிக்கையிலும், பின்னர் 1982 உடன்படிக்கையின் 97-ஆம் பிரிவிலும் அவ்விதியை மாற்றின. மோதல் முதலான கப்பலோட்டம் சார்ந்த விபத்துகளில், கொடி நாடோ, குற்றம் சாட்டப்பட்டவரின் தாய்நாடோ மட்டுமே வழக்குத் தொடரலாம் என்பது இன்றைய விதி. ஒப்புதலால் பிறந்த சட்டம் ஒப்புதலாலேயே மாறியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இந்த 97-ஆம் பிரிவைத்தான் இத்தாலி இந்தியாவுக்கு எதிராக எடுத்துவந்தது. ஒரு மனிதனைக் குறிவைத்துச் சுடுவதைக் கப்பலோட்ட விபத்து என்று எப்படிச் சொல்ல முடியும்? நம் உச்ச நீதிமன்றமும் அவ்வாதத்தை ஏற்கவில்லை. பின்னர் இவ்வழக்குக்கென்றே அமைந்த சர்வதேச நடுவர் மன்றமும் இந்தியா அப்பிரிவை மீறியதாகக் கருதவில்லை.

அடுத்த கோட்பாடு, கொடுத்த சொல்லை நல்லெண்ணத்தோடு காப்பது. உடன்படிக்கைகள் பற்றிய 1969-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 26-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. உள்நாட்டுச் சட்டத்தைச் சாக்குக் காட்டித் தப்ப முடியாது என்று 27-ஆம் பிரிவு கூறுகிறது. இந்தியா அந்த உடன்படிக்கையில் சேரவில்லை என்றாலும், இவ்விரண்டும் வழக்காற்றுச் சட்டமாக எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்துகின்றன. 2013 பிப்ரவரியில், தேர்தலில் வாக்களிக்க இத்தாலி சென்றுவர அவ்விரு வீரர்களுக்கும் உச்ச நீதிமன்றம் அனுமதி அளித்தது. அவர்கள் திரும்பி வருவார்கள் என்று இத்தாலியத் தூதர் எழுத்துமூலம் உறுதியளித்தார். மார்ச் 11 அன்று அவர்கள் திரும்பப் போவதில்லை என்று இத்தாலி அறிவித்தது. நாடே கொதித்தது. தூதர் நாட்டைவிட்டு வெளியேறக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

இந்த ஆணையைப் பற்றி நான் ஒன்றைத் தயங்காமல் சொல்ல வேண்டும். கோபம் முற்றிலும் நியாயமானது. ஆணை சட்டப்படி சரியானதன்று. தூதுறவு பற்றிய 1961-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 29-ஆம் பிரிவு தூதரைக் கைது செய்யவோ தடுத்துவைக்கவோ கூடாது என்கிறது. அந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்கும் உரிமை அவரை அனுப்பிய அரசுக்கே உண்டு, அதையும் வெளிப்படையாகச் செய்ய வேண்டும். தூதர் கையெழுத்திட்ட உறுதிமொழி அதற்கு ஈடாகாது. நம் நாடாளுமன்றமே 1972-ல் அவ்வுடன்படிக்கையை உள்நாட்டுச் சட்டமாக்கியிருக்கிறது. மார்ச் 22 அன்று வீரர்கள் திரும்பி வந்தனர். அவர்களைத் திருப்பி அனுப்பியதை எதிர்த்து இத்தாலிய வெளியுறவு அமைச்சர் சில நாட்களில் பதவி விலகினார். ஒரு நாட்டின் சொல் அந்நாட்டின் உள்ளரசியலையே அசைக்கும் அளவுக்குக் கனமுள்ளது என்பதை அப்போது நாம் கண்டோம். அதே கனம் நாம் கையெழுத்திட்ட உடன்படிக்கைகளுக்கும் உண்டு என்பதை ஏற்க ஏன் தயங்க வேண்டும்?

கடல் சட்ட உடன்படிக்கையை இரு நாடுகளும் 1995-ல் ஏற்றபோதே, தகராறு எழுந்தால் நடுவர் மன்றத்துக்குச் செல்லவும் இசைந்திருந்தன. அதன்படி 2015 ஜூனில் இத்தாலி நடுவர் மன்றத்தை நாடியது. ஹாம்பர்க் நகரிலுள்ள கடல் சட்டத்துக்கான சர்வதேசத் தீர்ப்பாயம், அதே ஆண்டு ஆகஸ்ட் 24 அன்று, இரு நாடுகளும் தத்தம் நீதிமன்ற நடவடிக்கைகளை நிறுத்திவைக்க வேண்டும் என்று இடைக்கால ஆணை பிறப்பித்தது. நம் உச்ச நீதிமன்றம் அதற்கு இணங்கியது. 2020 மே 21 அன்று ஐவர் கொண்ட நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. இரு நாடுகளுக்கும் அந்நிகழ்வின் மீது அதிகாரம் உண்டு. ஆனால் வீரர்கள் அரசப் பணியில் இருந்ததால் விலக்குரிமை பெற்றவர்கள், இந்தியா அவர்களை விசாரிக்க முடியாது என்று மூவருக்கு இருவர் என்ற கணக்கில் முடிவாயிற்று. அதே தீர்ப்பு, செயின்ட் ஆன்டனி படகின் போக்குவரத்துச் சுதந்திரத்தை இத்தாலி மீறிவிட்டது என்றும், உயிரிழப்புக்கும் உடல் துன்பத்துக்கும் பொருள் சேதத்துக்கும் மன வேதனைக்கும் இழப்பீடு தர வேண்டும் என்றும் கூறியது. குற்ற விசாரணையைத் தன் நாட்டில் தொடர்வதாக இத்தாலி அளித்த உறுதியையும் பதிவு செய்துகொண்டது.

தீர்ப்பு வெளியானபோது நம் கடலோரத்தில் எழுந்த ஆற்றாமையை நான் அறிவேன். அதை நானும் பகிர்ந்துகொள்கிறேன். ஆனால் அதற்கு ஓராண்டுக்கு முன் நடந்ததையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2019 ஜூலை 17 அன்று, உளவுக் குற்றச்சாட்டில் பாகிஸ்தான் மரண தண்டனை விதித்த இந்தியரான குல்பூஷண் ஜாதவ் வழக்கில் ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம் பதினைந்துக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், தூதரக அதிகாரிகள் அவரைச் சந்திக்கும் உரிமையைப் பாகிஸ்தான் மறுத்தது சட்டமீறல் என்று தீர்ப்பளித்தது. தண்டனையை மறுஆய்வு செய்யும் கடமை அந்நாட்டின் மீது விழுந்தது. 2021-ல் பாகிஸ்தான் அதற்கென்று ஒரு சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. 2019-ன் அதே ஜூலை மாதம் அதே ஹேக் நகரில்தான் என்ரிகா லெக்சி வழக்கின் வாய்மொழி வாதங்களும் நடந்தன. இரண்டு வழக்குகளுக்கும் அடிப்படை ஒன்றே: வழக்கு வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே நாடுகள் மனமுவந்து அளித்த ஒப்புதல். ஒன்றில் கிடைத்த தீர்ப்பைக் கொண்டாடி, மற்றொன்றில் கிடைத்ததை அந்நியர் சதி என்பவர்கள் தங்களுக்குச் சாதகமான தீர்ப்பு ஒன்றையே சட்டம் என்று கருதுகிறார்கள்.

வங்காள விரிகுடா எல்லை வழக்கும் இவ்விடத்தில் நினைவுகூரத் தக்கது. 2014 ஜூலையில் வெளியான நடுவர் தீர்ப்பு, தகராறுக்குள்ளான 25,602 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பில் 19,467 சதுர கிலோமீட்டரை வங்கதேசத்துக்கு அளித்தது. அளவிலும் வலிமையிலும் பெரிய நாடான இந்தியா அதை ஏற்றுக்கொண்டது. நம் நாட்டின் மதிப்பு அன்று குறைந்துவிடவில்லை. இரு ஆண்டுகள் கழித்துத் தென்சீனக் கடல் வழக்கில் பிலிப்பைன்ஸுக்குச் சாதகமாக வந்த தீர்ப்பைச் சீனா புறக்கணித்தபோது, அதைக் குறைசொல்லும் தகுதி நமக்கு இருந்ததற்கு 2014-ல் நாம் நடந்துகொண்ட விதமே காரணம்.

மீறல்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை. நிகராகுவா தொடுத்த வழக்கில் 1986 ஜூன் 27 அன்று சர்வதேச நீதிமன்றம் அமெரிக்காவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தபோது, அமெரிக்கா அதை மதிக்க மறுத்தது. பாதுகாப்புச் சபைக்கு வந்த தீர்மானத்தையும் தன் தடுப்பதிகாரத்தால் (வீட்டோ) வீழ்த்தியது. கோர்ஃபு கால்வாய் வழக்கில் 1949-ல் விதிக்கப்பட்ட இழப்பீட்டை அல்பேனியா தீர்த்து முடிக்க 1990-கள் வரை ஆயிற்று. ஆனால் அத்தகைய மீறல்களை மீறல் என்று நாம் அழைக்க முடிவதே விதி ஒன்று இருப்பதால்தான். அஞ்சலும் விமானப் போக்குவரத்தும் தூதரகங்களும் கப்பல் வழித்தடங்களும் நாள்தோறும் எந்தச் சச்சரவும் இன்றி நடப்பதும் அவ்விதிகளின்படியே. வலிமையற்றவனுக்கு விதியைத் தவிர வேறு துணை கிடையாது. அதையும் இல்லையென்று சொல்லிவிட்டால் அவனிடம் எஞ்சுவது ஒன்றுமில்லை.

அதனால் 2020-ஆம் ஆண்டுத் தீர்ப்பை அப்படியே சரியென்று ஏற்கவேண்டும் என்பதன்று. ஏற்று நடப்பதும் உடன்படுவதும் வேறு வேறு. அரசப் பணியாளர்களுக்கான விலக்குரிமை கடல் சட்ட உடன்படிக்கையில் இவ்வழக்குக்குப் பொருந்தும் வகையில் எங்கும் எழுதப்படவில்லை. அது வழக்காற்றிலிருந்து எடுக்கப்பட்டது. உடன்படிக்கையின் விளக்கத்துக்கென்று அமைந்த மன்றம் அதைத் தீர்மானித்திருக்கலாமா என்பதில் மாறுபட்ட இரு நடுவர்களின் கருத்தே எனக்கு வலுவாகத் தோன்றுகிறது. தனியார் நிறுவனத்தின் வணிகக் கப்பலைக் காத்தவர்கள், ஆயுதமற்ற மீனவர்களைக் கொன்ற செயலுக்கு, ஓர் அரசின் இறையாண்மை கேடயமாக நிற்பது நீதியுணர்வுக்கு ஒவ்வாதது.

இன்னொரு குறையும் உண்டு; அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. 1924-ல் மாவ்ரோமாடிஸ் வழக்கில் சொல்லப்பட்டது போல, ஒரு நாடு தன் குடிமகனுக்காக வழக்காடும்போது சட்டத்தின் பார்வையில் அது தன் சொந்த உரிமையையே நிலைநாட்டுகிறது. இழப்பீடும் அந்நாட்டுக்கே போகிறது. நடுவர் மன்றம் படகின் தலைவரையும் ஏனைய தொழிலாளர்களையும் இழப்பீட்டுக்கு உரியவர்களாகவே குறிப்பிட்டது. ஆனால், ஏற்கெனவே தரப்பட்ட கருணைத்தொகைக்கு மேல் இத்தாலி செலுத்திய 10 கோடி ரூபாய், இறந்தவர்களின் இரு குடும்பங்களுக்கும் தலா 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி என்று பிரிக்கப்பட்டது. 2021 ஜூன் 15 அன்று உச்ச நீதிமன்றம் இந்தியாவில் இருந்த வழக்குகளை முடித்துவைத்தது. குண்டுகளுக்கு நடுவே உயிர் தப்பிய ஏனைய மீனவர்கள், தங்கள் பங்குக்காக மீண்டும் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. இந்தத் தவறு சர்வதேசச் சட்டத்தினுடையதன்று, நம்முடையது. இத்தாலியிலோ, 2022-ன் தொடக்கத்தில் அக்குற்ற வழக்கு நீதிமன்ற விசாரணையை எட்டாமலே முடிக்கப்பட்டது. கொலைக்கு எந்த நாட்டிலும் எவரும் பதில் சொல்லவில்லை என்பதே இன்றைய நிலை.

இதை மாற்றும் வழியும் நான் மேலே சொன்ன அடித்தளத்திலேயே இருக்கிறது. வழக்காறு என்பது நாடுகள் செய்வதாலும் சொல்வதாலும் உருவாவது. மௌனமாக இருப்பவர்கள் பிறர் உருவாக்கியதை ஏற்க நேரிடும். அரசப் பணியாளர்களின் விலக்குரிமை பற்றிய வரைவு விதிகளை ஐ.நா.வின் சர்வதேசச் சட்ட ஆணையம் 2022-ல் முதல் வாசிப்பில் ஏற்றது. இனப்படுகொலை, சித்திரவதை போன்ற சில குற்றங்களுக்கு விலக்குரிமை செல்லாது என்று அவ்வரைவின் 7-ஆம் பிரிவு கூறுகிறது. வேறொரு நாட்டு மண்ணில் வந்து ஒருவரைக் கொல்லும் அதிகாரிக்கும் அது செல்லாது என்ற கருத்து, ஆணையத்தின் முந்தைய விவாதங்களில் முன்வைக்கப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்டது. அவ்விலக்கு மீண்டும் சேர்க்கப்பட வேண்டும், அது கடலில் மற்றொரு நாட்டின் படகில் இருப்போரைக் கொல்லும் செயலுக்கும் நீள வேண்டும் என்று இந்தியா ஐ.நா. பொதுச் சபையின் சட்டக் குழுவில் தொடர்ந்து வலியுறுத்த வேண்டும். சர்வதேசச் சட்டத்தையும் உடன்படிக்கைக் கடமைகளையும் மதிக்கும் உணர்வை வளர்க்க அரசு முயல வேண்டும் என்று நம் அரசமைப்புச் சட்டத்தின் 51-ஆம் பிரிவு கூறுவது, தீர்ப்புக்குத் தலைவணங்குவதோடு முடிந்துவிடாது; சட்டம் உருவாகும் இடத்தில் நம் குரல் ஒலிக்க வேண்டும் என்பதும் அதில் அடங்கும்.

அதோடு, வெளிநாட்டு அரசிடமிருந்து பெறும் இழப்பீடு பாதிக்கப்பட்ட ஒவ்வொருவரையும் சென்றடையும் முறையை வகுக்கும் சட்டம் ஒன்றை நாடாளுமன்றம் இயற்ற வேண்டும் என்று நம் பகுதி மக்களவை உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன். தங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அந்த நடுவர் தீர்ப்பு ஆங்கிலத்தில் வெளியாகிப் பல ஆண்டுகள் ஆகியும், அது எதைச் சொன்னது, ஏன் சொன்னது என்பது கடலுக்குச் செல்லும் நம் மக்களில் பெரும்பாலோருக்கு இன்னும் எட்டவில்லை. கடல் மண்டலங்களின் எல்லைகள், அங்கே அவர்களுக்குள்ள உரிமைகள், இத்தகைய நிகழ்வு நேர்ந்தால் எந்த அதிகாரியிடம் என்ன பதிவு செய்ய வேண்டும் என்பவற்றோடு அத்தீர்ப்பின் சுருக்கத்தையும் எளிய தமிழில் ஒரு தொடராக வெளியிட்டால், குளச்சல் முதல் பழவேற்காடு வரை உள்ள மீனவர்களுக்குப் பேருதவியாக இருக்கும். அதற்கு வேண்டிய சட்டக் குறிப்புகளை எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சட்டக் கல்லூரி ஆசிரியர்,
நாகர்கோவில்.